அப்ப நாளைக்கு வேல இருக்குமா?

2024 டிசம்பர் 26, ராத்திரி பத்தரை மணிக்கு மேல் இருக்கும். பாலக்காட்டுக் கணவாயின் மார்கழிக் காற்று ஓட்டு இடுக்கில் புகுந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. போனில் செய்தி வந்ததும் அம்மா படுத்திருந்த அறைக்குப் போய், "அம்மா, மன்மோகன் சிங் தவறிட்டாராம்" என்றேன்.

அம்மா போர்வையோடு எழுந்து உட்கார்ந்தாள்.

"எவுரு?"

"பழைய பிரதமர்மா. நீலத் தலப்பா கட்டியிருப்பாரே, தாடி வெச்சுட்டு."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "நம்ம தொழிலுறப்பு கொண்டாந்த சிங்கா?"

"ஆமா, நூறு நாள் வேல கொண்டாந்தவருதான்."

"அய்யோ பாவமே" என்றாள். அடுத்த மூச்சில் கேட்டாள்: "அப்ப நாளைக்கு வேல இருக்குமா அம்மிணி?"

எனக்குச் சுருக்கென்றது. 92 வயது மனிதர், பத்து வருடம் நாட்டை ஆண்டவர், டெல்லி எய்ம்ஸில் இறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இவளுக்கு நாளைய கூலி. "இருக்கும், படு" என்று விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். அந்த ஒரு வார்த்தையில் இருந்த எரிச்சலுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அடுத்த இரண்டு நாளில் எத்தனையோ அஞ்சலிகளைப் படித்தேன், கேட்டேன். எதுவும் அம்மாவின் கேள்விக்குப் பக்கத்தில் வரவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில், சித்தூர் தாலுக்காவில் இருக்கிறது. கேரளம்தான். ஆனால் வீட்டில், கோயிலில், தோட்டத்தில், சண்டையில் எல்லாம் தமிழ்தான். ரேஷன் கார்டு மலையாளத்தில், சாமி கும்பிடுவது பழநிக்கு, துணி எடுப்பது கோயம்புத்தூரில், ஓட்டு ஆலத்தூர் தொகுதிக்கு. நான் தினமும் வேலந்தாவளத்தில் பஸ் ஏறி உக்கடம் போய்க் கணக்கு எழுதிவிட்டு, ராத்திரி கேரளத்துக்குத் திரும்புகிறவள். அதனால் ஒரு செய்தி எனக்கு எப்போதும் இரண்டு மொழியில் வரும். இரண்டும் ஒரே செய்தியாக இருப்பது அபூர்வம்.

27ஆம் தேதி காலை வேலந்தாவளம் டீக்கடையில் அதைக் கண்ணால் பார்த்தேன். கடைக்காரர் கயிற்றில் கிளிப் போட்டு ஒரு பக்கம் மலையாளப் பேப்பர்களையும் ஒரு பக்கம் தமிழ்ப் பேப்பர்களையும் தொங்கவிடுவார். முந்தின நாள் மலையாளப் பக்கம் முழுக்க எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயர். கிறிஸ்துமஸ் ராத்திரி கோழிக்கோட்டில் இறந்திருந்தார். 91 வயது. எங்கள் பாலக்காடு ஜில்லாவின் கூடல்லூரில் பிறந்தவர். தன் உடலைப் பொது மண்டபத்தில் வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் வீட்டிலேயே வைத்து எடுத்தார்கள். கேரள அரசு இரண்டு நாள் துக்கம் அறிவித்திருந்தது. அதே நாளில் தமிழ்ப் பக்கத்தில் சுனாமியின் இருபதாம் ஆண்டு. கடற்கரையில் பால் ஊற்றும் பெண்களின் படம். அந்தச் சுனாமி வந்தபோது பிரதமராக இருந்தவர், அதன் இருபதாம் ஆண்டு நாளில் கண்ணை மூடினார். 27ஆம் தேதிதான் இரண்டு பக்கத்திலும் ஒரே முகம் வந்தது.

கடையில் நின்ற டெம்போ டிரைவர் ஒருவர் இரண்டு பேப்பரையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருமே அதிகம் பேசாதவங்கொ" என்றார். கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து வாளையாறு மலையைப் பார்த்துக்கொண்டே அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேசாதவர் என்பதைத்தானே நாம் அத்தனை வருடம் கேலி செய்தோம்?

பஸ்ஸில் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். எல்லார் ஸ்டேட்டஸிலும் அவர் படம். "எளிமையின் சிகரம்", "பொருளாதாரத்தின் தந்தை", "இப்படி ஒரு மனிதர் இனி வரமாட்டார்." முன்பு அவருடைய மெய்க்காப்பாளராக இருந்து இப்போது உத்தரப் பிரதேசத்தில் அமைச்சராக இருப்பவர் எழுதிய மாருதி 800 கதை நூறு பேர் கைமாறி வந்தது. பிரதமருக்கு அரசு கொடுத்தது பி.எம்.டபிள்யூ. ஆனால் அவர், வீட்டு முன்னால் நின்ற தன் பழைய மாருதியைக் காட்டி, என் வண்டி இதுதான் என்பாராம். மெல்போர்னில் ஆடிக்கொண்டிருந்த இந்திய அணி கையில் கறுப்புப் பட்டை கட்டி இறங்கியிருந்தது. கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் விடுமுறை விட்டார்கள். நாடு முழுக்க 7 நாள் துக்கம், கொடி அரைக் கம்பத்தில்.

ஸ்டேட்டஸ் வைத்தவர்களில் பாதிப் பேர் 2013இல் எனக்கு ஜோக் அனுப்பியவர்கள். அவர் வாயைத் திறப்பது பல் டாக்டரிடம் மட்டும்தான் என்ற ஜோக்கை நானும் ஐம்பது பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அப்போது கோயம்புத்தூரில் காலேஜ். அலைக்கற்றை, நிலக்கரி என்று தினம் ஒரு ஊழல் செய்தி, பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போகிறது, கோபம் இருந்தது. அந்தக் கோபம் தப்பில்லை. ஆனால் ஜோக் அனுப்பிய கையோடு, என் ஹாஸ்டல் ஃபீஸில் ஒரு பங்கு யார் கொண்டுவந்த சட்டத்தில் அம்மா மண் வெட்டிச் சம்பாதித்த காசு என்று நான் ஒரு தடவையும் நினைத்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் ஸ்டேட்டஸ் மட்டும் வைத்தால் இன்னும் வெட்கம். 2014 ஜனவரி 3 அன்று, பிரதமராகக் கடைசியாக நடத்திய பத்திரிகையாளர் சந்திப்பில், இன்றைய ஊடகங்களைவிட வரலாறு தன்னிடம் கொஞ்சம் கருணை காட்டும் என்று அவர் சொன்னார். அதையும் அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் பார்த்தோம். 2024 டிசம்பரில் அதே வரியைத்தான் எல்லாரும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் நிறைவேறியது. 2006 பிப்ரவரி 2 அன்று ஆந்திரத்தின் அனந்தபுரம் ஜில்லா பண்ட்லபள்ளியில் மன்மோகன் சிங்கும் சோனியா காந்தியும் அதைத் தொடங்கிவைத்தார்கள். முதல் கட்டத்தில் நாடு முழுக்க 200 ஜில்லா. கேரளத்தில் இரண்டே இரண்டு: வயநாடு, பாலக்காடு. அதாவது இந்தியாவில் பெரும்பாலான பெண்கள் இந்த வேலையின் பேரைக் கேட்பதற்கு முன்பே எங்கள் அம்மாக்கள் மம்முட்டியோடு இறங்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்பார்கள். எங்கள் ஊரில் தொழிலுறப்பு. தொழிலுக்கு உறுதி. அம்மாவுக்கு இந்த மலையாள வார்த்தைதான் வாயில் வரும். "நூறு நாள்னு சொன்னா நாள் எண்ணற மாதிரி இருக்குது. தொழிலுறப்புன்னா தெம்பா இருக்குது" என்பாள்.

அதற்கு முன்னால் அம்மா வேலைக்குப் போகாதவள் இல்லை. களை எடுப்பு, நெல் அறுப்பு, தேங்காய் பொறுக்குவது. வேலை இருக்கிற நாளில் தோட்டக்காரர் ஆள் விட்டுக் கூப்பிடுவார். கூலி அப்பா கையில் போகும். இல்லாவிட்டால் பழைய கடனில் கழியும். எங்கள் பக்கம் மலை மறைவில் இருக்கும் கிழக்கு ஓரம். கேரளம் என்றதும் எல்லாரும் நினைக்கிற மழை எங்களுக்கு இல்லை. வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை என்று இந்தப் பஞ்சாயத்துகள் எல்லாம் ஆளியாற்றுத் தண்ணீருக்கு வருடா வருடம் காத்துக் கிடப்பவை. தண்ணீர் வரவில்லை என்றால் வயல் வேலை கிடையாது. வயல் வேலை இல்லை என்றால் எங்கள் தெருவில் அடுப்பு ஒருவேளைதான்.

2006இல் கேரளத்தில் தொழிலுறப்புக் கூலி ஒரு நாளைக்கு 125 ரூபாய். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. இது எங்கள் தெருவில் பெரிய செய்தி. அதுவரைக்கும் தோட்டத்தில் பெண் கூலி ஆண் கூலியில் பாதிதான். சட்டம் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்டது. கேரளத்தில் வேலைக்குப் போகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். குடும்பஸ்ரீ என்ற கேரள அரசின் பெண்கள் திட்டத்தில் இருக்கும் அயல்கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு, வழியாக வேலை நடப்பதால் மேஸ்திரி கிடையாது. மேட் என்று ஒரு பெண்ணே கணக்கு எடுப்பாள்.

சம்பளம் பாஸ்புக்கில் ஏற ஆரம்பித்ததுதான் எங்கள் வீட்டைத் திருப்பிப் போட்டது. அம்மாவுக்குத் தன் பேரில் வந்த முதல் பாஸ்புக் அது. போட்டோ எடுக்கக் கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோவுக்குப் போனபோது நான் கூடப் போனேன். கல்யாண போட்டோவுக்கு அப்புறம் அவள் எடுத்துக்கொண்ட முதல் போட்டோ. ஆறு நாள் வேலைக்கு 750 ரூபாய். அதில் அவள் முதலில் வாங்கியது ஒரு ஜோடி செருப்பு. தனக்கு. அதுவரை அப்பாவின் பழைய செருப்பைத்தான் வாரில் ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த சம்பளத்தில் பழநிக்குப் போனாள். அப்பாவிடம் கேட்கவில்லை. சொன்னாள், அவ்வளவுதான். பொள்ளாச்சியில் பஸ் மாறி, அயல்கூட்டத்து ஐந்து பெண்களோடு போய், பஞ்சாமிர்தம் வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்ததை நான் என் முதல் சம்பளத்தன்று கண்ணாடியில் தேடினேன்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கு தெரியும். அடுக்களைக் கதவின் பின்புறம் சுண்ணாம்பால் கோடு போடுவாள். ஒரு நாள் வேலைக்கு ஒரு கோடு. நான்கு கோடு நின்றால் ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பாள். அப்படி இருபது கட்டு சேர்ந்தால் நூறு. ஏப்ரல் 1 அன்று ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பம். மேட் கணக்கில் ஒரு நாள் விட்டுப்போனால் அம்மா கதவைப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுவாள். ஒரு தடவையும் தோற்றதில்லை.

ஆட்சி மாறும் ஒவ்வொரு தடவையும், பட்ஜெட் வரும் ஒவ்வொரு பிப்ரவரியும், தொழிலுறப்பை நிறுத்தப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு வரும். 2015இல் மக்களவையிலேயே இந்தத் திட்டம் காங்கிரஸ் ஆட்சிகளின் தோல்விக்கு நினைவுச்சின்னம் என்று பிரதமர் மோடி பேசினார். அது மலையாளச் சேனல்களில் ஓடியபோது அம்மா சாப்பிடாமல் படுத்தது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது திட்டம் நிற்கவில்லை. ஆனால் பயம் போகவில்லை. கொண்டுவந்தவர் போய்விட்டார் என்று கேட்டதும் அந்தப் பயம்தான் அவள் வாயில் வந்தது. அப்பன் செத்தால் அவன் வாங்கிக் கொடுத்த நிலத்தை எவனாவது வந்து பிடுங்குவானோ என்று பிள்ளைக்கு வருமே, அந்தப் பயம். அதைத்தான் நான் கூலி ஆசை என்று நினைத்து விளக்கை அணைத்தேன்.

ஒரு மனிதன் போனதும் அவன் கொடுத்தது நிற்குமா என்று பதறுவதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது?

27 ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் இது பெரிய வாக்குவாதமாகவே நடந்தது. பெரியப்பா, சித்தப்பா, அண்ணன் மூன்று பேரும் இருந்தார்கள். அவர்கள் சொன்னது எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் டிவியில் இந்தக் குரல் எதுவும் கேட்கவில்லை.

சித்தப்பா கட்சிக்காரர், சிவப்பு. "சிங்கு குடுத்தாருன்னு சொல்லாதீங்கொ. நாங்க வாங்குனது" என்றார். 2004இல் கேரளத்தில் 20 தொகுதியில் 18 இடது முன்னணிக்கு. டெல்லியில் அந்த ஆட்சி நின்றது இடதுசாரிகளின் ஆதரவில். வேலை உறுதி அந்தக் கூட்டணி அப்போது போட்ட குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தில் இருந்தது. அதைச் சட்டமாக்க அருணா ராய், ஜான் ட்ரேஸ் போன்ற சமூகச் செயற்பாட்டாளர்கள் ஊர் ஊராகப் போராடியிருந்தார்கள். அப்போது ஊரக வளர்ச்சி அமைச்சராக இருந்த பீகார்க்காரர் ரகுவன்ஷ் பிரசாத் சிங், விடாப்பிடியாக நின்று நிறைவேற்றினார். பணம் எங்கிருந்து வரும் என்று தயங்கியது நிதித் துறைதான். இது எல்லாம் உண்மை. நான் சித்தப்பாவிடம் ஒன்றுதான் கேட்டேன்: 2020 செப்டம்பரில் அந்த ரகுவன்ஷ் பிரசாத் இறந்தபோது உங்கள் ஆபீஸில் ஒரு படமாவது வைத்தீர்களா? அவர் பதில் சொல்லவில்லை. நாங்களும் வைக்கவில்லை. அந்தப் பேரை அம்மா என் வாயால் அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கேட்டாள். "அவரும் சிங்கா?" என்றாள்.

பெரியப்பாவுக்கு மூன்று ஏக்கர் தென்னை. அவர் கணக்கில் வரவும் உண்டு, பற்றும் உண்டு. 2008 பட்ஜெட்டில் விவசாயக் கடன் தள்ளுபடி வந்தபோது 2 ஹெக்டேருக்குள் இருந்ததால் அவர் கடன் 32,000 ரூபாய் முழுசாகப் போனது. அடுத்த வருடமே ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு தடையில்லா வர்த்தக ஒப்பந்தம். 2009 ஆகஸ்டில் பாங்காக்கில் கையெழுத்தானது. பாமாயிலும் மிளகும் ரப்பரும் வந்து இறங்கினால் நம் தேங்காய்க்கு என்ன விலை என்று கேரளமே கொதித்தது. அந்த அக்டோபர் 2 அன்று இடது முன்னணி காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி நடத்தியது. "ஒரு கையில கடனத் தள்ளுனாரு, இன்னொரு கையில தேங்காயத் தள்ளிட்டாரு. நல்ல மனுசன். படிச்சவரு. ஆனா டெல்லியில இருந்து பாத்தா நம்ம தோப்பு தெரியாது கண்ணு" என்றார் பெரியப்பா. இதற்கு மேல் அவர் பேசவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டார்.

அண்ணன்தான் கடைசி வரை உட்காரவில்லை, தூணில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தான். அவன் ஸ்டேட்டஸ் வைக்கவில்லை. காலையில் நான் வைத்ததைப் பார்த்து ஒரே வரி அனுப்பியிருந்தான்: "2009 மறந்துருச்சா பாப்பா?"

மறக்கவில்லை. அந்த வருடம் அண்ணன் கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். ஜனவரி 29 அன்று சென்னையில், ஈழப் போரை நிறுத்தச் சொல்லி முத்துக்குமார் தீக்குளித்தார். அன்றிலிருந்து மே 18 வரை அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வேறு ஆளாக இருந்தான். முள்ளிவாய்க்காலில் சனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருக்க, டெல்லி பேசாமல் இருந்தது. பேசாமல் இருந்ததோடு நிற்கவில்லை. மே 27 அன்று ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கையைப் பாராட்டி வந்த தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக ஓட்டுப் போட்டது. இந்த நாட்டுப் பிரதமர் அன்றைக்கு மன்மோகன் சிங். அவருடைய மௌனத்தைப் பற்றிய ஜோக் எல்லாம் நானே மறந்துவிடுகிறேன். இந்த மௌனத்தை மறக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

எங்களுக்கு அதில் இன்னொரு வேதனையும் இருந்தது. பிரதமரைச் சுற்றியிருந்த அதிகாரிகளில் சிலர் மலையாளிகள் என்பதால், தமிழ்நாட்டு மேடைகளில் மலையாளி என்ற வார்த்தையே வசவாக ஆன காலம் அது. அந்த மேடைக்குக் கீழே கைதட்டிவிட்டு அண்ணன் ராத்திரி பஸ்ஸில் வேலந்தாவளத்தில் இறங்கி வருவான். வீட்டில் அம்மாவோடு மேட் சேச்சி உட்கார்ந்து மஸ்டர் ரோல் என்ற வருகைப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். அண்ணன் அவருக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவதை நான் பார்த்திருக்கிறேன். எல்லை ஊரில் இருக்கிறவர்களுக்குக் கோபப்படக்கூட முழுசாக இடமில்லை.

2012, 2013 இரண்டு வருடமும் அதே ஜெனீவாவில் இந்தியா இலங்கைக்கு எதிராக ஓட்டுப் போட்டது. 2013 மார்ச்சில் தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், அண்ணனும் போனான். அந்த நவம்பரில் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்கு மன்மோகன் சிங் போகவில்லை, வெளியுறவு அமைச்சரை அனுப்பினார். நான் இதைத் திண்ணையில் சொன்னேன். "செத்த பொறவு வைத்தியரக் கூட்டிட்டு வந்த மாதிரி" என்றான் அண்ணன்.

நான் அவனிடம் 1984 பற்றிச் சொன்னேன். சீக்கியர்களைக் கொன்ற கலவரத்துக்காக 2005 ஆகஸ்டில் மாநிலங்களவையில் எழுந்து, வெட்கத்தில் தலை குனிகிறேன் என்று சொன்ன பிரதமர் அவர். சொன்னவரே சீக்கியர். செய்தது அவர் இல்லை, அவர் ஆட்சியும் இல்லை, அவர் கட்சி ஆட்சியில் நடந்தது. ஆனாலும் சொன்னார். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அவருக்கு அந்த வலி தெரியும்னா, நம்ம வலியும் தெரிஞ்சிருக்கணுமல்ல பாப்பா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. இறந்த மனிதரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று பெரியப்பா அதட்டினார். பேசலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் கிழவிகள் புகழ்ச்சி மட்டும் பாடுவதில்லை. "எனக்கு மாலை போட்ட ராசா, மஞ்சள் வாங்கித் தரலையே" என்று குறையையும் சேர்த்துத்தான் மாரில் அடித்துக்கொள்வார்கள். யாரும் தப்பாக எடுப்பதில்லை. கணக்கு வைத்திருப்பவர்களுக்குத்தான் அழவும் உரிமை.

28ஆம் தேதி சனிக்கிழமை. எனக்கு லீவு. அம்மாவோடு வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். ஓடைக்கரையில் மண்வரப்பு போடும் வேலை. இருபத்திரண்டு பேர். எல்லாரும் புடவைக்கு மேல் புருஷனுடையதோ மகனுடையதோ பழைய முழுக்கைச் சட்டை. தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மேட் சேச்சி போனில் ஆப்பைத் திறந்து எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ. அதுதான் இப்போது வருகைப் பதிவு. போட்டோ ஏறாவிட்டால் வேலை செய்தாலும் கூலி இல்லை. டவர் கிடைக்கவில்லை. சேச்சி போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வரப்பில் அங்கும் இங்கும் நடந்தார். பெண்கள் வெயிலில் அப்படியே நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் மன்மோகன் சிங்கைப் பற்றிப் பேச்சு வந்தது. கூட்டத்திலேயே மூத்தவர் ஒரு ஆத்தா, எழுபது தாண்டியவர், சேச்சியிடம் அவர் போட்டோவைக் காட்டச் சொன்னார். போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தன் தலைத் துண்டைத் தொட்டுக்கொண்டு, "நம்மளாட்டவே கட்டியிருக்காரு பாரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு அக்கா கேட்டார், "எத்தன பிள்ளைங்கொ?" மூணு பொண்ணு என்றேன். "மூணும் பொண்ணா" என்று ஒரு பெருமூச்சு இருபது பேர் வாயிலிருந்து ஒன்றாக வந்தது. இன்னொருவர், "போன தடவ வேல பாத்த காசு இன்னும் ஏறல. அவரு இருந்திருந்தா ஏறியிருக்குமா சேச்சி?" என்று கேட்டார். சேச்சி உண்மையைச் சொன்னார்: "அவரு இருந்தப்பவும் லேட்டாத்தான் வந்துச்சு, ஞாபகமில்லையா?" ஆமாம் என்று நான்கைந்து தலைகள் ஆடின. அதற்குள் டவர் கிடைத்தது. போட்டோ ஏறியது. மம்முட்டிகளை எடுத்துக்கொண்டு கரையில் இறங்கினார்கள்.

கூலிப் பாக்கி எங்கள் பக்கத்துக் கதை மட்டும் இல்லை. துக்கம் ஜனவரி 1 அன்று முடிந்தது. கொடி மேலே ஏறியது. அந்த மாதம் 13ஆம் தேதி தமிழ்நாட்டு முதல்வர், நூறு நாள் வேலைக் கூலியில் 1,056 கோடி ரூபாய் மத்திய அரசிடமிருந்து வர வேண்டியிருக்கிறது என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏழு நாளும் மன்மோகன் சிங்குக்கு அஞ்சலி எழுதியவர்கள் இந்தக் கடிதத்தைப் பகிர்ந்ததாக என் குழுக்களில் நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் டிவியில் நிகம்போத் படித்துறைத் தகனத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். தனி நினைவிடத்துக்கு இடம் கொடுக்காமல் பொதுச் சுடுகாட்டில் எரித்தார்கள் என்று காங்கிரஸ் குறை சொன்னது. நினைவிடத்துக்கு இடம் ஒதுக்குவோம் என்று அரசு பதில் சொன்னது. எனக்கு நரசிம்ம ராவ் நினைவுக்கு வந்தார். 1991இல் மன்மோகன் சிங்கை நிதியமைச்சராக்கியவர். சரியாக இருபது வருடம் முன்பு, 2004 டிசம்பர் 23 அன்று இறந்தார். அவர் உடல் வந்த வண்டி டெல்லியில் சொந்தக் கட்சி அலுவலக வாசலில் நின்றது, கதவு திறக்கவில்லை. ஹைதராபாத்துக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். அப்போது பிரதமர் மன்மோகன் சிங். எனக்கு இந்த இடத் தகராறில் எந்தக் கட்சியின் பக்கமும் நிற்கத் தோன்றவில்லை.

அம்மா குளித்துவிட்டு வந்து டிவி முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கை விரல்களில் இன்னும் மண் நிறம் இருந்தது. சிதைக்குப் பக்கத்தில் அவருடைய மனைவியைக் காட்டியபோது, "பாவம், அந்தம்மாவுக்கும் வயசாயிருச்சு" என்றாள். பீரங்கி வண்டி, ராணுவ மரியாதை, வரிசையாகத் தலைவர்கள் எல்லாவற்றையும் முழுசாகப் பார்த்தாள். நெருப்பு பிடித்ததும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். பிறகு, "அணைச்சுரு அம்மிணி" என்றாள்.

எழுந்து அடுக்களைக்குப் போனாள். நான் பின்னால் போனேன். கதவைச் சாத்திவிட்டு, மாடத்திலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்தாள். அன்றைய கோட்டைப் போட்டாள். விரலால் கட்டுக் கட்டாகத் தொட்டு எண்ணினாள். எண்பத்து மூன்று.

"இன்னும் பதினேழு இருக்குது" என்றாள். "மார்ச்சுக்குள்ள தருவாங்களா?"

இந்தத் தடவை நான் விளக்கை அணைக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் அவளோடு உட்கார்ந்து, வாரத்துக்கு எத்தனை நாள் கிடைத்தால் முடியும் என்று கணக்குப் போட்டோம்.